சில்லறை மாற்றத் தெரிந்தால் கழித்தல் வரும்

சென்ற ஆண்டு மழைக்காலம். பள்ளி திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். மகனும் மருமகளும் அலுவலகத்திலிருந்து வீடு திரும்பவில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஆறு கணக்குகளில் நான்கின்மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டிருந்தது.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். 42லிருந்து 17 போனால் எவ்வளவு என்பது முதல் கணக்கு. 35 என்று எழுதியிருந்தாள்.

"எப்படிம்மா 35 வந்தது?" என்று கேட்டேன்.

"ஏழுல ரெண்டு போனா அஞ்சு. நாலுல ஒண்ணு போனா மூணு" என்றாள்.

மேலே 2, கீழே 7. இரண்டில் ஏழு போகாது. ஆகவே ஏழில் இரண்டைக் கழித்துவிட்டாள். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கவேண்டும் என்று எப்போதோ சொல்லிக் கொடுத்ததை, அவள் தன் அறிவுக்கு எட்டியபடி ஒழுங்காகவே செய்திருக்கிறாள்!

"பக்கத்து எண்ணிடம் கடன் வாங்க வேண்டாமா?"

"டீச்சரும் பாரோ பண்ணு, பாரோ பண்ணுன்னாங்க தாத்தா. வாங்கினதை எப்ப திருப்பித் தரணும்னு மட்டும் சொல்லவே இல்லை."

முப்பத்து நான்கு ஆண்டுகள் இதே மும்பையில் வங்கிக் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அடுக்களையிலிருந்து என் மனைவி வந்தாள். திருநெல்வேலியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் காய்கறிக்காரரிடம் ஒரு ரூபாய் ஏமாறமாட்டாள். "ஏட்டி, நாப்பத்திரண்டு ரூவா வச்சிருக்க. பதினேழு ரூவாய்க்குக் கீரை வாங்கிட்ட. மீதி எம்புட்டு?" என்றாள்.

பேத்தி விழித்தாள். "நாப்பத்திரண்டுன்னா என்ன ஆச்சி?"

அதற்குப் பிறகு என் மனைவி ஒன்றும் பேசவில்லை. "நமக்கெதுக்கு, அவ இங்கிலீசுல படிக்கிறா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்பர்களே, இது என் வீட்டில் மட்டும் நடக்கும் கதை அல்ல. நம் பிள்ளைகள் தமிழ் எழுதப் படிக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்துகிறோம். எழுத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நாம் எண்ணைப் பற்றி நினைத்ததுண்டா? வீட்டில் நன்றாகத் தமிழ் பேசும் பிள்ளைகூட வயதையும் மணியையும் பேருந்து எண்ணையும் ஆங்கிலத்தில்தான் சொல்கிறது. வெளியூரில் குடியேறிய குடும்பத்திலிருந்து முதலில் வெளியேறுவது தமிழ் எண்களே. அவை வெளியேறும்போது, கணக்குச் சொல்லிக் கொடுக்க எளிதான ஒரு கருவியும், அதைச் சொல்லித் தரக்கூடிய தாத்தா பாட்டியும் சேர்ந்தே ஒதுங்கிப் போகிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, காரணத்தோடுதான் சொல்கிறேன்.

எண்ணின் பெயரிலேயே கணக்கு

பத்தும் மூன்றும் சேர்ந்தால் என்ன? பதின்மூன்று. கேள்வியிலேயே பதில் இருக்கிறது. பத்தும் ஐந்தும் பதினைந்து. இரண்டு பத்து இருபது; மூன்று பத்து முப்பது. நாற்பத்திரண்டு என்ற சொல்லைக் காதால் கேட்டாலே நான்கு பத்தும் இரண்டும் என்று பிரிந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்ற பெயர்களில் பத்து இருப்பது குழந்தைக்குத் தெரியாது. தர்ட்டீனுக்கும் தர்ட்டிக்கும் குழம்பாத பிள்ளை அபூர்வம்.

சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகிய மொழிகளிலும் பதினொன்றைப் பத்து-ஒன்று என்றே சொல்கிறார்கள். அப்பிள்ளைகளுக்குப் பத்துக்கு மேல் எண்ணுவதும், எண்களைப் பத்துகளாகவும் ஒன்றுகளாகவும் பிரித்துப் பார்ப்பதும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளைவிட எளிதாக வருகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மொழி மட்டுமே காரணம் அன்று. பள்ளியும் வீடும் சேர்ந்தே பிள்ளையை உருவாக்குகின்றன. ஆனாலும் மொழி ஒரு கை கொடுக்கிறது.

நாம் வாழும் மராட்டிய மண்ணிலும் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. மராத்தியில் 27ஐச் சத்தாவீஸ் என்பார்கள். ஏழு முன்னால், இருபது பின்னால். காதில் விழுந்த வரிசையில் எழுதும் பிள்ளை 72 என்று எழுதிவிடும். 2019இல் மாநிலப் பாடநூல் நிறுவனமான பால்பாரதி, இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பழைய பெயர்களோடு வீஸ் சாத், அதாவது இருபது ஏழு, என்ற முறையையும் சேர்த்தது. மொழியைக் கெடுக்கிறார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. பாடநூல் குழுவுக்குத் தலைமை வகித்த கணித அறிஞர் மங்களா நார்லீகர், பிள்ளைகளின் சிரமத்தைக் குறைக்கவே இதைச் செய்ததாக விளக்கம் சொன்னார். அவர்கள் புதிதாகக் கொண்டுவர நினைத்த வரிசை நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது!

தமிழிலும் ஒரு முடிச்சு உண்டு. எண்பதுக்குப் பிறகு வருவது ஒன்பது பத்து அன்று, தொண்ணூறு. பெயரில் நூறு இருந்தாலும் மதிப்பு நூறு இல்லை. எண்ணூறுக்குப் பிறகு தொள்ளாயிரமும் அப்படியே. இவ்விரண்டையும் பழகித்தான் ஆகவேண்டும்.

மராத்தியிலும் ஒரு நல்ல கழித்தல் பாடம் ஒளிந்திருக்கிறது. ஏகோணீஸ் என்றால் இருபதுக்கு ஒன்று குறைவு, 19. ஏகோண்தீஸ் என்றால் முப்பதுக்கு ஒன்று குறைவு, 29. இப்படியே 89 வரை போகும். 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி இம்மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடம். எனவே நம் பிள்ளை இதை எப்படியும் படிக்கப் போகிறது. மனப்பாடம் செய்யும்போது இந்தப் பொருளையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

முதலில் புளியங்கொட்டை

ஒன்று முதல் நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளைக்கு எண்ணத் தெரியும் என்று நினைத்துவிடக்கூடாது. ஏழு புளியங்கொட்டைகளைப் பரப்பி எண்ணச் சொல்லிப் பாருங்கள். சில பிள்ளைகள் ஒரே கொட்டையை இருமுறை தொடும். சில, ஒன்றைத் தாண்டிப் போய்விடும். ஒரு தொடுதலுக்கு ஓர் எண், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். இந்த இரண்டும் பிடிபட்ட பிறகே கூட்டல். புளியங்கொட்டை, சோழி, சட்டைப் பொத்தான் எதுவானாலும் சரி. வீட்டில் மிகச் சிறிய குழந்தை இருந்தால் மட்டும் கவனம் தேவை. வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும்.

அடுத்து, கூட்டலில் ஒரு படி இருக்கிறது. மூன்றும் எட்டும் எவ்வளவு என்றால் சிறு பிள்ளை முதலில் மூன்றை எண்ணும், பிறகு எட்டை எண்ணும், மறுபடி எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணும். எட்டை மனத்தில் வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து, பதினொன்று என்று மேலே எண்ணப் பழகுவதே அடுத்த முன்னேற்றம். இதற்குத் தாயக்கட்டையைவிட நல்ல கருவி கிடையாது. இரண்டு கட்டைகளிலும் விழுந்ததைக் கூட்டவேண்டும். பரமபதக் கட்டத்தில் 14இல் நிற்கும் காயை ஐந்து கட்டம் நகர்த்தி 19இல் வைக்கவேண்டும். நிற்கும் கட்டத்தையே ஒன்று என்று எண்ணி 18இல் நிறுத்துவது எல்லாப் பிள்ளைகளும் செய்யும் தவறு. திட்டாதீர்கள். "காய் எங்கிருந்து கிளம்புது?" என்று மட்டும் கேளுங்கள்.

பல்லாங்குழி இன்னும் சிறப்பு. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். ஒவ்வொரு முறையும் அள்ளி, ஒவ்வொன்றாகப் போட்டு, ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்ளும்போது பிள்ளைக்குத் தெரியாமலேயே கூட்டலும் கழித்தலும் நடக்கின்றன. ஊரிலிருந்து பலகை கொண்டுவர முடியாவிட்டால் இரண்டு முட்டை அட்டைகளை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

விரல்விட்டு எண்ணினால் தடுக்காதீர்கள். நம் பெரியவர்கள் விரல் கணுவில் கட்டைவிரலை வைத்து எண்ணியவர்கள்தாமே! தேவை தீர்ந்ததும் விரல் தானாக மடங்கிவிடும்.

பத்துக்குக் கூட்டாளி

கூட்டல் கழித்தல் இரண்டுக்கும் ஆணிவேர் ஒன்றுதான். பத்தாவதற்கு எந்த எண்ணுக்கு எது கூட்டாளி? 9க்கு 1, 8க்கு 2, 7க்கு 3, 6க்கு 4, 5க்கு 5. ஐந்தே இணைகள்.

ஊரில் ஒற்றையா இரட்டையா விளையாடுவோமே, அதையே கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். பத்துப் புளியங்கொட்டைகளை எடுத்துக் கொஞ்சத்தைக் கைக்குள் மூடிக்கொள்ளுங்கள். "வெளியே ஆறு இருக்கு. உள்ளே எத்தனை?" பிள்ளை சொன்னதும் கையைத் திறந்து காட்டுங்கள். பிறகு பிள்ளை மூடட்டும், நீங்கள் சொல்லுங்கள். நடுநடுவே தவறாகவும் சொல்லுங்கள். உங்களைத் திருத்துவதில் பிள்ளைக்கு இருக்கும் சந்தோஷமே தனி.

இது கைவந்துவிட்டால் எட்டும் ஐந்தும் கூட்டுவது எளிது. எட்டுக்கு இரண்டு கொடுத்தால் பத்து. ஐந்தில் மீதி மூன்று. பத்தும் மூன்றும் பதின்மூன்று. பெயரே விடை!

கழித்தலுக்கு மூன்று முகம்

கூட்டல் வரும், கழித்தல் வராது என்று பல பெற்றோர் சொல்கிறார்கள். காரணம் உண்டு. கழித்தல் என்றால் எடுத்துவிடுவது என்று மட்டும் சொல்லிக் கொடுக்கிறோம். அதற்கு மூன்று முகங்கள் இருக்கின்றன.

ஒன்று, எடுத்தால் மீதி. தட்டில் 12 முறுக்கு, 5 தின்றாயிற்று, மீதி எத்தனை?

இரண்டு, எவ்வளவு அதிகம். அண்ணனுக்கு 11 வயது, தங்கைக்கு 7. எத்தனை வயது மூத்தவன்? இங்கே எதையும் யாரும் எடுக்கவில்லை. ஆனாலும் இது கழித்தல்தான்.

மூன்று, இன்னும் எத்தனை வேண்டும். இதற்கு நம் உள்ளூர் ரயில் போதும். சயானில் மெதுவண்டி ஏறி முலுண்ட் போகிறோம். குர்லா, வித்யாவிஹார், காட்கோபர், விக்ரோலி, காஞ்சூர்மார்க், பாண்டுப், நாஹூர், முலுண்ட் என்று எட்டாவது நிலையத்தில் இறங்கவேண்டும். காட்கோபர் வந்துவிட்டது, மூன்று ஆயிற்று. இன்னும் எத்தனை? ஐந்து. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தானே சரிபார்த்துக்கொள்ளும்.

இந்த மூன்று விதமாகவும் கேட்டுப் பழக்கினால், வகுப்பில் கேள்வியை எப்படித் திருப்பிப் போட்டாலும் பிள்ளை திகைக்காது.

கடன் அல்ல, சில்லறை

இனி என் பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். வாங்கிய கடனை எப்போது திருப்பித் தருவது?

உண்மையில் அது கடனே அன்று. வங்கியில் ஆயிரக்கணக்கான முறை நான் செய்த வேலைதான். மறுநாள் காலையில்தான் எனக்கு அது உறைத்தது. அது சில்லறை மாற்றுவது!

இப்போதெல்லாம் பால்காரருக்கும் பூக்காரருக்கும்கூடக் கைப்பேசியிலேயே பணம் போய்விடுகிறது. சில்லறை கைமாறுவதையே பிள்ளைகள் பார்ப்பதில்லை. நாம் சிறுவயதில் கடைக்கு ஓடி மீதி வாங்கி வந்தபோது படித்த பாடம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. அதை நாம்தான் வீட்டுக்குள் கொண்டுவரவேண்டும். ஒரு டப்பாவில் பத்து ரூபாய் நாணயங்கள் பத்து, ஒரு ரூபாய் நாணயங்கள் இருபது போட்டு வைத்தேன். அதுதான் எங்கள் வீட்டு வங்கி.

பேத்தியிடம் நான்கு பத்து ரூபாயும் இரண்டு ஒரு ரூபாயும் கொடுத்தேன். என் மனைவியைக் கீரைக்காரியாக உட்காரவைத்தேன். முதலில் அவள் வரமாட்டேன் என்றாள். "உன் தமிழ்க் கணக்குத்தான் வேண்டும்" என்றதும் வந்து உட்கார்ந்தாள்.

"நாப்பத்திரண்டு ரூவா வச்சிருக்கியா? கீரை பதினேழு ரூவா. பத்தும் ஏழும். குடு."

பேத்தி பத்து ரூபாய் ஒன்றைக் கொடுத்தாள். ஏழு ரூபாய் கொடுக்கச் சில்லறை போதவில்லை. கையில் இரண்டுதான் இருக்கிறது. கையைப் பிசைந்தாள்.

"சில்லறை இல்லேன்னா என்ன செய்வ? உங்க தாத்தாட்ட போய் மாத்திட்டு வா."

ஒரு பத்து ரூபாயை என்னிடம் தந்து பத்து ஒரு ரூபாய்களை வாங்கிப் போனாள். இப்போது அவளிடம் இரண்டு பத்தும் பன்னிரண்டு ஒன்றுகளும். ஏழை எண்ணிக் கொடுத்தாள். மீதி இரண்டு பத்து, ஐந்து ஒன்று.

"இருபத்தஞ்சு!" என்றவள், நோட்டைப் பார்த்தாள். "அப்ப 35 தப்பு."

"எப்படித் தெரியும்?"

"35உம் 17உம் சேர்த்தா 52 வருது. என்கிட்ட அவ்வளவு காசு இல்லையே."

இதைத்தான் கேட்கவேண்டும் என்று காத்திருந்தேன். விடையைத் தானே சரிபார்க்கத் தெரிந்துவிட்டால், பிறகு சிவப்பு மைக்குப் பயப்பட வேண்டியதில்லை.

யாரிடமும் கடன் வாங்கவில்லை. திருப்பித் தரவும் வேண்டாம். நாற்பத்திரண்டு ரூபாய் நாற்பத்திரண்டாகவே இருந்தது, வேறு உருவில். நோட்டில் 4ஐ அடித்து 3 என்று எழுதுவதும், 2க்குமுன் 1 சேர்த்து 12 ஆக்குவதும் இந்தச் சில்லறை மாற்றத்தின் குறிப்பே. ஒரு வாரம் நாணயத்தோடு செய்தோம். பிறகு நாணயத்தையும் நோட்டையும் பக்கத்தில் வைத்து, மாற்றும்போதெல்லாம் எழுதச் சொன்னோம். கடைசியில் நாணயத்தை எடுத்துவிட்டோம். வரிசை முக்கியம்: முதலில் பொருள், பிறகு சொல், அதன்பிறகே எழுத்து.

பழைய கடைக்காரர்கள் மீதி கொடுக்கும் முறையையும் சொல்லிக் கொடுங்கள். 37 ரூபாய்ச் சாமானுக்கு 50 கொடுத்தால் அவர் கழிக்கமாட்டார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது என்று மூன்று ரூபாயை வைத்து, ஐம்பது என்று ஒரு பத்து ரூபாயை வைப்பார். மீதி 13. மனக்கணக்குக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

இந்த இடத்தில் தடுமாறுவது உங்கள் பிள்ளை மட்டுமல்ல. 2024ஆம் ஆண்டின் அசர் ஆய்வுப்படி, இந்தியக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 33.7 விழுக்காட்டினருக்கே இத்தகைய ஈரிலக்கக் கழித்தல் வந்தது. ஆகவே பிள்ளையை மக்கு என்று சொல்லிவிடாதீர்கள்.

எவ்வளவு, எப்போது?

"பக்கத்து வீட்டுப் பிள்ளை நான்கு வயதிலேயே மூன்றிலக்கக் கூட்டல் போடுகிறதே" என்று பதறவேண்டாம். 2021 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் வைத்திருக்கும் இலக்குகளைப் பாருங்கள். முதல் வகுப்புக்கு முந்திய ஆண்டில் பத்து வரையுள்ள எண்களை அறிதல். முதல் வகுப்பு முடிவில் 99 வரை எழுதப் படித்து, எளிய கூட்டல் கழித்தல் செய்தல். இரண்டாம் வகுப்பில் 999 வரை எண்களும் 99 வரை கழித்தலும். அவ்வளவே.

நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பிள்ளை "இன்னும் ஒண்ணு" என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள். மறுநாள் தானாக வரும். தவறாகச் சொன்னால் உடனே விடையைச் சொல்லாமல் "எப்படி வந்தது?" என்று கேளுங்கள். பாதித் தவறுகள் சொல்லும்போதே திருந்திவிடும். "எனக்கும் சின்ன வயதில் கணக்கு வராது" என்று பிள்ளையின் முன்னால் பெருமையாகச் சொல்லிக்கொள்வதை விட்டுவிடுங்கள். கணக்கு வராமலிருப்பது குலச்சொத்தல்ல.

பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்றால் குழம்பாதா என்று பலர் கேட்கிறார்கள். 13 என்று எழுதுவது எல்லாவற்றுக்கும் பொதுதானே! எழுதிக் காட்டி, "ஆச்சிக்குப் பதின்மூன்று, டீச்சருக்கு தர்ட்டீன்" என்று சொல்லுங்கள். யோசிப்பது தமிழில், விடை பள்ளி கேட்கும் மொழியில். சில நாள்களில் பிள்ளை தானாக மாற்றிக்கொள்ளும். தமிழ் எண்களே தெரியாத பிள்ளையிடம் நூறு வரை ஒப்பி என்று கட்டாயப்படுத்தாதீர்கள். தாயக்கட்டையில் காய் நகரும்போது தமிழில் எண்ணுங்கள், போதும்.

எங்கள் வீட்டில் இப்போது மாலை ஆறரை மணிக்குக் கீரைக்கடை திறக்கிறது. கடைக்காரி என் மனைவி. ஒருநாள் கடையில் தக்காளி விலை ஏறும். ஒருநாள் கறிவேப்பிலை இலவசம். பேத்திக்குக் கணக்கில் எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சென்ற வாரம்கூட இரண்டு தவறு. ஆனால் அழவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு நேராக அடுக்களைக்குப் போனாள். "ஆச்சி, அறுபத்து மூணுல இருபத்தெட்டு போகமாட்டேங்குது. சில்லறை மாத்தணும்" என்றாள். கைவேலையை அப்படியே போட்டுவிட்டு என் மனைவி டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து நம்மோடு இருக்கிறார்கள். மொழி தெரியாத ஊரில் பகல் முழுவதும் நான்கு சுவர்களுக்குள் பொழுதைப் போக்குகிறார்கள். பேரப்பிள்ளையின் படிப்பில் தமக்கு இடமில்லை என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்கள் கையில் பத்துப் புளியங்கொட்டைகளைக் கொடுத்துப் பாருங்கள். நம் சங்கமும் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, பிள்ளைகளையும் தாத்தா பாட்டிகளையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பல்லாங்குழியும் தாயமும் ஆடச் செய்யலாம். செலவு ஒன்றுமில்லை. புளியங்கொட்டை நான் கொண்டுவருகிறேன்.